கோயம்புத்தூர் காலேஜுக்கு என்ன டிரஸ் எடுப்பது? தங்கச்சிக்காகக் கேட்கிறேன்

சங்கரன்கோவில்_காரன்

மக்களே, வணக்கம். தங்கச்சிக்குக் கவுன்சிலிங்கில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். வகுப்பு தொடங்க இன்னும் பதினைந்து நாள்தான். ஃபீஸைப் பற்றிக்கூட வீட்டில் இவ்வளவு பேசவில்லை, டிரஸ்ஸைப் பற்றித்தான் தினமும் சண்டை.

அம்மா, சுடிதார்தான் அடக்கம், மெட்டீரியல் ஆறு எடுத்து ரத வீதி டெய்லரிடம் கொடுத்தால் நாலு வருஷம் ஓடும் என்கிறார். தங்கச்சிக்கு ரெடிமேட் குர்தி, ஜீன்ஸ், இரண்டு டி-சர்ட் வேண்டும். இதற்கு நடுவில் சென்னையில் படிக்கிற அத்தை மகள் போனில் "ஷாலா? அதெல்லாம் இப்போ யாரு போடுறா" என்று சிரித்துவிட்டாள், அன்றிலிருந்து அம்மா அத்தையிடம் பேசுவதில்லை. நான் திருநெல்வேலியில் டிப்ளமோ படித்தவன். எங்களுக்கு பேன்ட் சட்டை, ஒர்க்‌ஷாப் உள்ள நாளில் காக்கி, அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் என்ன போட்டு வந்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னால் வீட்டில் அடி விழும்.

ஊருக்கு ஊர் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை இதெல்லாம் சும்மா பேச்சா? கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, செருப்பு, பை எல்லாம் அதற்குள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்

சகோ, கடைக்குப் போவதற்கு முன்னால் அட்மிஷன் போட்டபோது கொடுத்த கவரைத் திறந்து பாருங்கள். அதில் ராகிங் உறுதிமொழிக்குக் கீழே ஒரு தாள் இருக்கும், யாருமே படிக்க மாட்டார்கள். டிரஸ் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கும்.

நானும் கோவையில்தான் கடைசி வருடம், தனியார் பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். எங்கள் தாளில் பெண்களுக்கு எழுதியிருந்தது: டாப் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், ஷால் இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி இருக்க வேண்டும், லெக்கிங்ஸ் கூடாது, முடியை விரித்துப் போடக் கூடாது. பையன்களுக்கு முழுக்கைச் சட்டை, இன் பண்ண வேண்டும், பெல்ட், கறுப்பு ஷூ, தாடி கூடாது. ஐடி கார்டு கழுத்தில் தொங்க வேண்டும், பாக்கெட்டில் வைத்திருந்தால் அதுவும் குற்றம்.

சும்மா எழுதி வைத்தது என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனை வாசலிலேயே நிறுத்தி ஷேவ் பண்ணிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கே போவான்? கேட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. யூஸ் அண்ட் த்ரோ ரேசர் சரமாகத் தொங்கும், தூணில் ஆணி அடித்து ஒரு கண்ணாடி, கீழே பக்கெட்டில் தண்ணீர், ஒரு மக். சோப்பு இலவசம். காலை எட்டே முக்காலுக்கு அங்கே வரிசை நிற்கும். அந்த அண்ணன் டீயில் சம்பாதித்ததைவிட எங்கள் தாடியில் சம்பாதித்ததுதான் அதிகம்.

இதே ஊரில் எங்கள் கல்லூரியிலிருந்து பத்து கிலோமீட்டரில் ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே என் தம்பி டி-சர்ட்டும் செருப்புமாகத்தான் போகிறான். எல்லாம் திருப்பூர் காதர்பேட்டை சரக்கு. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், கழுத்தில் லேபிளைக் கத்தரித்திருப்பார்கள், நெஞ்சில் மட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர் பெயர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் சல்லிசாக அள்ளிக்கொண்டு வரலாம் என்பதால் இந்தப் பக்கத்துப் பையன்கள் டி-சர்ட்டுக்குக் கடையில் முழு விலை கொடுக்கவே மாட்டார்கள். இதை வேண்டுமானால் கொங்குப் பக்கத்து வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு: டி-சர்ட் வாங்குங்கள், ஹாஸ்டலுக்கு ஆகும். வகுப்புக்கு நாலு செட் சுடிதார். ஊக்கு மட்டும் இரண்டு அட்டை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் ஷால் யார் சொன்னாலும் கேட்காது.

பிச்சிப்பூ

அண்ணா, நான் நாகர்கோவில். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம். உங்கள் அத்தை மகள் சொன்னது பாதி உண்மை, அம்மாவைப் பேசச் சொல்லுங்கள்.

எனக்கு முதல் அதிர்ச்சி டிரஸ்ஸில் வரவில்லை, பூவில் வந்தது. தோவாளை பூச்சந்தை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூடம் போகும்போது பிச்சிப்பூவோ மல்லியோ ஒரு முழமாவது வைக்காமல் போனால் தலையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அம்மா முதல் வாரத்துக்கு என்று பொதிந்து கொடுத்துவிட்டதை ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைத்து, திங்கட்கிழமை வைத்துக்கொண்டு போனேன். வகுப்பில் மூன்று பேர் கேட்டார்கள், "இன்னைக்கு உனக்கு பர்த்டேவா?" நாலாவது பெண், வீட்டில் விசேஷமா என்று. யாரும் கிண்டல் பண்ணவில்லை, நல்ல பிள்ளைகள்தான், நிஜமாகவே தெரியாமல் கேட்டார்கள். மறுநாள் முதல் நான் வைக்கவில்லை. இப்போது ஊருக்கு ரயில் ஏறினால்தான் பூ.

எங்கள் கல்லூரியில் ஜீன்ஸ், குட்டை குர்தி, பலாசோ எல்லாம் சகஜம். ஷால் கட்டாயம் இல்லை. ஆனால் தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிற என் தோழிகள் எல்லார் பையிலும் ஒரு ஷால் இருக்கும். ரயிலில் போட்டுக்கொண்டு வருவார்கள், கல்லூரி வாசல் தாண்டியதும் நாலாக மடித்துப் பைக்குள். சாயங்காலம் திரும்பவும் வெளியே வரும். அதனால் "சென்னையில் யாரும் ஷால் போடுவதில்லை" என்பது வகுப்பறைக்குள் மட்டும்தான் சரி. அத்தை மகள் ஸ்கூட்டியில் போகிறவளாக இருக்கும்.

இன்னொன்று, எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போனவர்களும் உண்டு. அங்கே பையன்கள் சாதாரண நாளிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருவதைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். இத்தனைக்கும் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்.

பழைய_சோறு

படிக்கப் போகிறாளா ஃபேஷன் ஷோவுக்குப் போகிறாளா? எங்கள் காலத்தில் இரண்டு சட்டைதான், ஒன்றைத் துவைத்து ஒன்றைப் போட்டோம். பேசாமல் பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

பிச்சிப்பூ

தாத்தா, அந்த இரண்டு சட்டையும் என்ன சட்டை என்று யாராவது வாசலில் நின்று பார்த்தார்களா?

சாக்பீஸ்

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பாடம் எடுப்பவன். இதுவரை மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஊர் வித்தியாசம் என்பதைக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறோம் என்பது என் எண்ணம். மாணவர் என்ன உடுத்துகிறார் என்பதைக் கல்லூரி யாருடையது என்பதுதான் தீர்மானிக்கிறது, அடுத்து அவர் எதில் ஏறி வருகிறார் என்பது. மேலே நொய்யல் சொன்ன இரண்டு கல்லூரிகளும் ஒரே ஊர்தான், பாருங்கள். அதே தாடிச் சட்டம் சென்னைக்கு வெளியே இருக்கிற பொறியியல் கல்லூரிகளிலும் உண்டு, விருதுநகர்ப் பக்கமும் உண்டு.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லாத மேலாடை எல்லாம் கூடாது என்று அறிவித்தது, செல்போனுக்கும் அப்போது தடை. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் அதனோடு இணைந்தவை என்பதால் கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை ஒரே நாளில் விவாதமானது. பத்திரிகைகளில் வாரக்கணக்கில் ஓடியது. பல தனியார் கல்லூரிகள் அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலே தாங்களாகவே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போயின. அவர்களுக்கு அது பெற்றோருக்குக் காட்டுகிற விளம்பரம். அட்மிஷனுக்கு வருகிற அப்பா, இன் பண்ணின பையன்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் பாதி மனசு அங்கேயே விழுந்துவிடும். பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவர் எங்கே நின்று பார்ப்பது?

அரசுக் கல்லூரியில் பெரிதாக விதி கிடையாது. பிள்ளைகள் இருப்பதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பன்னிரண்டு வருடம் யூனிஃபார்ம் போட்டவர்கள், அதிலும் பாதி வருடங்கள் அரசு கொடுத்த யூனிஃபார்ம். முதல் மாதம் வகுப்புக்குள் நுழைந்தால் தீபாவளி மாதிரி இருக்கும். அது குஷியால் இல்லை, அவர்களிடம் இருக்கிற நல்ல துணி என்பதே போன தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் எடுத்ததுதான் என்பதால். ஜிகினா வைத்த சட்டையோடு பொருளாதாரப் பாடம் கேட்கிற பையனைப் பார்த்து நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர் சிரித்தார், அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது. 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கும் 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வருகிறது. அந்தப் பணம் ஏறிய வாரத்தில் பெண்கள் வரிசையில் இரண்டு மூன்று புது சுடிதார் தெரியும், நான் கவனித்திருக்கிறேன். செலவு வேறு ஆயிரம் இருக்கும், இருந்தாலும் அது தெரியும்.

வேட்டி விஷயம் மட்டும் ஊர் வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை என்று, வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டசபையில் சட்டமே போட்டோம். ஆனாலும் என் வகுப்பில் ஒருவன் சாதாரண செவ்வாய்க்கிழமை வேட்டி கட்டி வந்தால் "என்னடா, கட்சியில சேர்ந்துட்டியா" என்றுதான் கேட்பார்கள். பொங்கல் விழா அன்று மட்டும் எல்லாரும் ஒட்டிக்கோ வேட்டியில் வருவார்கள், அதிலும் மேலே ஒரு பெல்ட், கீழே ஒரு டிராயர், மத்தியானத்துக்குள் பாதிப் பேர் பேன்ட்டுக்கு மாறிவிடுவார்கள்.

மதுரை_அக்கா

சங்கரன்கோவில் தம்பி, உங்கள் அம்மா சுடிதார்தான் அடக்கம் என்று சொல்வதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

நான் 1986இல் மதுரையில் பி.எஸ்சி. சேர்ந்தேன். பெண்கள் கல்லூரி. வகுப்பில் நாற்பது பேர், முப்பத்தொன்பது பேர் பாவாடை தாவணி, இல்லாவிட்டால் சேலை. மீதி ஒருத்தி, அப்பாவுக்கு மாற்றல் ஆகி பம்பாயிலிருந்து வந்தவள், சுடிதார் போட்டு வந்தாள். இளநீலம், வெள்ளைப் பூ போட்டது, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மூன்றாவது நாள் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரி உடை இங்கே சரிப்படாது, நாளையிலிருந்து தாவணியில் வா என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தாவணி கட்டவே தெரியாது. நாங்கள்தான் ஹாஸ்டலில் வைத்துக் கட்டிவிட்டோம், இடுப்பில் சொருகினது நிற்காமல் வகுப்பு முழுக்கக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடின உடை ஆகாது, இடுப்பு தெரிகிற தாவணி ஆகும்! அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் இது வேடிக்கையாகத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு இப்போது ஆச்சரியம்.

நாங்கள் மூன்றாம் வருடம் முடிப்பதற்குள் வகுப்பில் பத்துப் பேராவது சுடிதாருக்கு மாறிவிட்டார்கள். நான் மாறியதற்குக் காரணம் சைக்கிள். தாவணி முந்தானை செயினில் மாட்டி நடுரோட்டில் விழுந்தேன், தாவணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, அதற்கப்புறம் அப்பாவே விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய்த் துணி எடுத்துக் கொடுத்தார். இப்போது என் மகள் கல்லூரியில் பொங்கலுக்குத் தாவணி போட என் பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கச் சொல்கிறாள்.

ஆறு மெட்டீரியல் எடுத்துத் தைக்காதீர்கள் தம்பி. ஹாஸ்டல் சாப்பாட்டில் பிள்ளைகள் இளைக்கும், இல்லாவிட்டால் ஊதும், இரண்டில் ஒன்று நடக்கும். மூன்று போதும், உள்ளே பிரிக்கத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

வடமராட்சி

இதை வாசிக்கும்போது எங்கள் பக்கத்துக் கதையும் சொல்லத் தோன்றுகிறது. இலங்கையில் கம்பஸ் (பல்கலைக்கழக) உடுப்பை நிர்வாகம் சொல்வதைவிட சீனியர்மார் சொல்வதுதான் சட்டம், அதுவும் முதல் சில மாதங்களுக்கு. நான் முதலாம் வருடம் போன நேரம் பெடியன்களுக்கு முழுக்கைச் சேர்ட், கையை மடிக்கக் கூடாது, ஜீன்ஸ் கூடாது, காலில் பாட்டா செருப்பு. பெட்டைகளுக்கு நீளப் பாவாடை, சட்டை, இரட்டைப் பின்னல். பஞ்சாபி போட்டு வந்த ஒரு பிள்ளையை (நீங்கள் சுடிதார் என்பதை நாங்கள் பஞ்சாபி என்போம்) மறித்து வைத்து அழ அழக் கேள்வி கேட்டார்கள். பகிடிவதைக்கு (ராகிங்) எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் சேர்ட்டின் கையை மடிக்காதே என்றதற்கு யார் போய்ப் பொலிசில் முறைப்பாடு வைப்பது?

அந்தக் காலம் முடிந்த மறுநாள் பார்த்தால் ஒருவரையும் அடையாளம் தெரியாது. எல்லாரும் ஜீன்சும் டெனிம் சேர்ட்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பல இடத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தோம், யார் எந்த ஊர் என்று உடுப்பை வைத்து ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை, வாயைத் திறந்தால்தான் தெரியும். முதல் வருடம் யார், இரண்டாம் வருடம் யார் என்பது மட்டும் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும்.

முனிர்கா_வாசி

டெல்லியிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே குளிர்தான் பிரின்சிபால். தேனியிலிருந்து எம்.ஏ. படிக்க வந்தபோது எட்டு காட்டன் சட்டை கொண்டு வந்தேன், டிசம்பர் பிறந்ததும் எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் பத்தவில்லை. ஜனவரியில் இரவு நாலைந்து டிகிரிக்குப் போய்விடும். உள்ளே தெர்மல், மேலே சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், இதில் உள்ளே என்ன சட்டை என்பதை யார் பார்த்தார்கள். ஒரே சட்டையை ஒரு வாரம் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஜாக்கெட் வாங்க சரோஜினி நகர் மார்க்கெட் போங்கள், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. நான் திங்கட்கிழமை போனேன்.

கோயம்புத்தூருக்கு இது எதுவும் உதவாது என்று தெரியும். சும்மா சொல்லி வைத்தேன்.

சங்கரன்கோவில்_காரன்

எல்லாருக்கும் நன்றி. நொய்யல் சொன்ன மாதிரி கவரைத் தேடினோம், ரேஷன் கார்டு வைத்திருக்கிற டப்பாவில் அம்மா பத்திரமாக மடித்து வைத்திருந்தார், படிக்கத்தான் இல்லை. தாளில் அப்படியே இருக்கிறது: ஷால், இரண்டு பக்கமும் ஊக்கு, லெக்கிங்ஸ் கூடாது. சனிக்கிழமை மட்டும் ஜீன்ஸ் போடலாமாம், ஆனால் டாப் நீளமாக இருக்க வேண்டுமாம். அம்மா ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், அப்போது மதுரை அக்கா எழுதியதைத் தங்கச்சி சத்தமாகப் படித்துக் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க ஸ்கூல்லயும் ஒரு டீச்சர் சுடிதார் போட்டு வந்துச்சுன்னு ஊரே பேசுச்சு" என்று மட்டும் சொன்னார்.

முடிவு: மூன்று தைக்கக் கொடுத்தாயிற்று, உள்ளே துணி விட்டு. இரண்டு ரெடிமேட் குர்தி, ஒரு ஜீன்ஸ், ஹாஸ்டலுக்கு இரண்டு டி-சர்ட். ஊக்கு மூன்று அட்டை. ஆடித்தபசுக்கு எடுத்த கல் வைத்த அனார்கலியையும் தங்கச்சி பைக்குள் வைக்கிறாள், அங்கே எதற்கு என்றால் பதில் இல்லை. இதுவரை 5,350 ஆகியிருக்கிறது.

நொய்யல்

சூப்பர் சகோ. ஷூ வாங்கியாயிற்றா? முதல் வருடம் ஒர்க்‌ஷாப் உண்டு, பெண்களுக்கும் ஷூ கட்டாயம், செருப்போடு போனால் வெளியே நிற்க வேண்டியதுதான். காக்கி கோட்டும் கேட்பார்கள், அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சங்கரன்கோவில்_காரன்

ஷூ மறந்தே போச்சு. நாளைக்குத் திருநெல்வேலி போகிறோம். 650 ரூபாய்க்குள் எங்கே கிடைக்கும்?